ஆறு கிண்ணம் சூப்

திங்கட்கிழமை ஒத்திகையில் வில்ஃப்ரெட் ஹாஸ்லம் ஒரு விஷயத்தைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மேடையில் ஆறு பேர் நீள பெஞ்சில் உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டும். சூப் என்றால் சர்க்கரையைக் கருக்கி வெந்நீரில் கரைத்தது. நாடகக் கொட்டகையில் எல்லாமே அதுதான். தண்ணீர் கொஞ்சம் கூடினால் விஸ்கி, குறைந்தால் காப்பி. நடிகர்கள் உதட்டோரம் வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். இந்த ஆறு பேரும் கிண்ணம் காலியாகும்வரை குடித்தார்கள். கடைசியில் இருந்த ஆள் அடியில் விரலை விட்டு வழித்து நக்கினான்.

அவர்கள் நடிகர்கள் இல்லை. ஆல்டர்ஷா ஊரின் நெசவாளிகள். டக்வொர்த் மில் மூடிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. தெருமுனைகளில் ஆண்கள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த 1932 பிப்ரவரி. மேடையில் கூட்டமாக நிற்க ஆள் வேண்டுமென்றால் தியேட்டர் ஊரிலிருந்து யாரையாவது பிடித்துவரும், ராத்திரிக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கும். இந்த ஆறு பேரும் ஷில்லிங் வேண்டாம் என்றார்கள்.

“குடுத்தா உதவிப்பண ஆபீசுல கழிச்சுக்குவாங்க, தம்பி. வேலை இல்லாதவனுக்குக் குடுக்குற பணத்துல அந்த ஷில்லிங்கு போயிடும். அதுக்கு மேல நாலு கேள்வி கேப்பாங்க,” என்றார் ஏமஸ் பில்லிங். ஆறு பேரில் மூத்தவர், ஐம்பத்து நான்கு வயது. விரலை விட்டு வழித்ததும் அவர்தான்.

“அப்புறம் எதுக்கு வர்றீங்க?”

“உள்ள கதகதப்பா இருக்குல்ல.”

வில்ஃப்ரெட் தியேட்டரின் மேடை நிர்வாகி. முப்பத்தொரு வயது. மான்செஸ்டரில் இலக்கியம் படித்தவன். படித்தது இங்கே எதற்கும் உதவவில்லை, இடைஞ்சலும் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு நாடகம். ராத்திரி ஒன்றை நடத்திக்கொண்டே பகலில் அடுத்ததை ஒத்திகை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டைப் பிரித்துப் புது வீட்டை மேடையில் எழுப்ப வேண்டும். நவம்பரில் அவன் மனைவி எடித் நிமோனியாவில் ஐந்தே நாளில் போனாள். ஆறாம் நாள் ஒரு திகில் நாடகத்தின் முதல் காட்சி. அவன் போய்த் திரையைத் தூக்கினான். அதிலிருந்து தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும்தான் இருக்கிறான்.

அன்று ஒத்திகை முடிந்ததும் அவன் கசாப்புக் கடைக்குப் போனான். எலும்பு வாங்கினான். பார்லி, டர்னிப், காய்ந்த பட்டாணி, ரொட்டி. எடித்தின் துணிகளையும் கட்டிலையும் விற்றாகிவிட்டது. அவளுடைய நீலப் பாத்திரத்தை மட்டும் யாரும் வாங்கவில்லை. ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து சாமான் அறையின் எரிவாயு அடுப்பில் ஏற்றினான். இதில் இரக்கம் என்று ஏதாவது இருந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அந்த விரலைத் திரும்பப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி, முதல் காட்சியில், ஆறு பேரும் முதல் வாயிலேயே நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு குனிந்தார்கள். இடது கையால் கிண்ணத்தைச் சுற்றி அணைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், மளமளவென்று குடித்தார்கள். கிண்ணம் காலியான பிறகுதான் தலை நிமிர்ந்தது.

நாடகம் ஊரறிந்த நாடகம். பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். ஒரு பணக்கார விதவைச் சீமாட்டி ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் சாலை நடத்துகிறாள். செத்துப்போன கணவனின் ஈயத் தொழிற்சாலைதான் அந்த ஏழைகளின் நெஞ்சை அரித்தது என்று மூன்றாம் அங்கத்தில் அவளுக்குத் தெரிகிறது. கடைசிக் காட்சியில் வரிசையிலிருக்கும் கிழவன் ஒருவன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, “இந்தச் சூப்பு யாரு காசும்மா?” என்று கேட்பான். சீமாட்டியிடம் பதில் இருக்காது. அவன் கேட்டுவிட்டு மறுபடியும் குடிக்கத் தொடங்குவான். திரை.

இயக்குநர் கிளாட் பெல்லமிக்கு அந்தக் காட்சி திருப்தியில்லை. மறுநாள் ஆறு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்.

“வில்ஃப், கண்ணு, இவனுங்க சாப்பிடுறானுங்களா, களவாடுறானுங்களா? ஒருத்தன் முகமும் தெரியல. டிக்கெட் வாங்கினவன் ஆறு மண்டையைப் பாக்கவா வந்தான்?”

பிறகு தானே ஒரு ஸ்பூனை எடுத்துக் காட்டினார். “இப்படித் தூக்கணும். நிறுத்தணும். ஆவியைப் பாக்கணும். கண்ணை மூடணும். அப்புறம்தான் வாயில. பசின்னா இப்படித்தான்யா இருக்கும்.”

“அப்படிங்களா? இத்தனை நாளா நான் தப்பாப் பசிச்சுட்டு இருந்திருக்கேன்,” என்றான் எனாக். ஆறு பேரில் ஒல்லியானவன் அவன். மற்ற ஐவரும் சிரித்தார்கள். பெல்லமியும் சிரித்தார். அன்று ராத்திரியும் ஆறு மண்டைகள்தான் தெரிந்தன.

செவ்வாய் ராத்திரியே கிழவன் வேஷம் போட்டவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. புதன்கிழமை காற்று மட்டுமே வந்தது. மாற்று நடிகர் என்று யாரும் இல்லை.

“ஒரே ஒரு வரி. அந்த முன்னாடி இருக்குற பெரியவருக்குக் குடுத்துடு,” என்றார் பெல்லமி.

ஏமஸ் பயந்தார். வரியைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். “யாரு காசும்மா, யாரு காசும்மா,” என்று சாமான் அறையில் நடந்தார். எனாக் அவர் பின்னாலேயே நடந்து, “உன் பொண்டாட்டி காசுதான்யா, கிழவா,” என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னான். ராத்திரி ஏமஸ் வாயில் பார்லியோடு சொன்னார். நான்காவது வரிசைக்கு அப்பால் கேட்டிருக்காது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் சும்மா நிற்பவனுக்குப் பெயர் கிடையாது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் நிகழ்ச்சித் தாளில் அவன் பெயர் வந்தாக வேண்டும். தாள் முன்பே அச்சாகிவிட்டால் துண்டுச் சீட்டு அடித்து உள்ளே செருக வேண்டும். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாததாலேயே யாரும் மீறுவதில்லை. வில்ஃப்ரெட் அச்சகத்துக்கு ஆள் அனுப்பினான். வியாழக்கிழமை சீட்டு வந்தது. மூன்று விரல் அகலம்.

*கிழவன்: திரு. ஏமஸ் பில்லிங்.*

ஏமஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“திருன்னு போட்டிருக்கு.”

“எல்லாருக்கும் போடுறதுதான்.”

“எனக்குப் போட்டதில்ல. மில்லுல நம்பர்தான். நூத்துப் பதினேழு.” பிறகு, “ஒண்ணு எடுத்துக்கட்டுமா? வீட்டுக்காரி ஹன்னாகிட்ட காட்டணும்,” என்றார்.

வில்ஃப்ரெட் ஒன்றைக் கொடுத்தான். அதோடு மறந்துபோனான்.

*

வெள்ளிக்கிழமை மாலை ஏமஸ் மற்றவர்களுக்கு முன்பே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாமான் அறை வாசலில் நின்றார். பாத்திரத்தில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

“க்ரோஸ்டன் வந்திருந்தான், தம்பி.”

க்ரோஸ்டனை ஊரில் தெரியாதவர் இல்லை. உதவிப்பணம் வாங்கும் வீடுகளை ஏறி இறங்கிப் பார்க்கும் அதிகாரி. நாற்காலியை எண்ணுவான். அலமாரியைத் திறப்பான். மகள் சம்பாதிப்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அப்பனுக்குக் குறைப்பான். வீட்டில் பியானோ இருந்தால் விற்றுச் சாப்பிடு என்பான்.

“ஹன்னா அந்தச் சீட்டைக் கடிகாரத்துக்குப் பக்கத்துல நிமித்தி வெச்சிருந்தா. உள்ள வந்ததும் அவன் கண்ணு நேரா அங்கதான் போச்சு. அவன் கேக்கறதுக்கு முன்னாடி இவளே, ‘எங்க வீட்டுக்காரர்தாங்க அது’ன்னு சொல்லிட்டா. பெருமை அவளுக்கு.”

“அப்புறம்?”

“என்ன கூலின்னு கேட்டான். கூலி ஒண்ணும் இல்லன்னேன். சும்மாவா போறேன்னான். சூப்பு குடுக்கறாங்கன்னேன். ரொட்டியுமான்னான். ரொட்டியும்னேன்.” அவர் தொப்பியைத் திருப்பினார். “கேட்டான், சொன்னேன். நான் சேப்பலுக்குப் போய் ஜெபம் பண்றவன், பொய் சொல்ல வராது.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நாளைக் காலை பத்து மணி, நகர மண்டபம், உதவிக் குழு முன்னிலையில். *மறைக்கப்பட்ட வருமானம், பொருளாக.*

“மறைச்சதுன்னு முடிவு பண்ணா அடியோட நிறுத்திடுவாங்க. அப்புறம் மக நெல்லி சம்பளம்தான். கடையில துணி மடிக்கறா. ஏப்ரல்ல கல்யாணம் அவளுக்கு. எங்க ரெண்டு பேரையும் வெச்சுச் சோறு போட்டுட்டு எங்க போய்க் கல்யாணம் பண்றது?”

வில்ஃப்ரெட் கரண்டியால் கிளறினான்.

“நாளைக்கு நானும் வரேன்,” என்றான்.

“நீ எதுக்கு, தம்பி?”

“சீட்டை அடிச்சவன் நான்தானே.”

*

நகர மண்டபத்தின் நடைபாதையில் நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஈர உடுப்பு நாற்றம். வில்ஃப்ரெட் வரும்போதே பாத்திரத்தை அடுப்பில் வைத்துத் தீயைத் தணித்துவிட்டு வந்திருந்தான். கை பழகிவிட்டது. மத்தியானக் காட்சி இருந்தது. அது தருமக் காட்சி. வசூல் முழுவதும் குழந்தைகள் பூட்ஸ் நிதிக்கு. வெறுங்காலோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அந்தக் குளிர்காலத்தில் கூடிவிட்டார்கள்.

கதவு திறந்தது. நடு நாற்காலியில் நகரசபையின் மூத்த உறுப்பினர், ஆல்டர்மன் டக்வொர்த் இருந்தார். மூடிய மில்லும் அவருடையது. பூட்ஸ் நிதிக்குத் தலைவரும் அவர். குழுவுக்கும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஊரில் எது நடத்த வேண்டுமென்றாலும் ஒருவர் வேண்டும், அவர் இருந்தார்.

“பில்லிங்கா? நம்ம மில்லுல இருந்தவனா நீ?”

“முப்பத்தொரு வருஷங்க.”

“ம்.” தாளைப் பார்த்தார். “சொல்லுங்க, க்ரோஸ்டன்.”

க்ரோஸ்டன் எழுந்து வாசித்தான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “இந்த வாரம் தியேட்டர்ல நடிகரா வேலை பாத்திருக்கார். கூலி, தினமும் ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும். நமக்குத் தெரிவிக்கல.” சீட்டைக் கோப்பில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான்.

“தெரிவிக்கலன்னு சொல்லாதீங்க. நான்தானே சொன்னேன்,” என்றார் ஏமஸ்.

“கேட்டதுக்கு அப்புறம் சொன்னீங்க.”

டக்வொர்த் வில்ஃப்ரெட் பக்கம் திரும்பினார். “நீங்க தியேட்டர்காரரா? அந்தச் சூப்பு நிஜமா?”

வழியெல்லாம் இதற்கு என்ன சொல்வது என்று வில்ஃப்ரெட் யோசித்திருந்தான். வந்து நின்றதும் யோசித்தது எதுவும் நினைவில் இல்லை. பயமும் இல்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நிற்பதுபோல் இருந்தது.

“இல்லங்க. சர்க்கரையைக் கருக்கி வெந்நீர்ல கரைச்சது. மேடையில நிஜச் சாப்பாடு போடுற வழக்கமே கிடையாது.”

“ரொட்டி?”

“அட்டை. மேல சாயம்.”

குழுவில் ஒரு அம்மாள் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். க்ரோஸ்டன் எழுதுவதை நிறுத்தினான். “இவரே சூப்புன்னு ஒத்துக்கிட்டாரே, ஐயா.”

“நாடகத்துல அதுக்குப் பேரு சூப்புதான்,” என்றான் வில்ஃப்ரெட்.

ஏமஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். வில்ஃப்ரெட் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டக்வொர்த் முன்னால் சாய்ந்தார். “பில்லிங், நீ சொல்லுய்யா. குடிச்சவன் நீதானே. என்ன ருசி?”

தொப்பி ஏமஸின் கையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

“சூடா இருந்துச்சுங்க.”

“அது சரி. கறி ருசியா, சர்க்கரை ருசியா?”

“ருசின்னு ஒண்ணும் தெரியலங்க. சூடா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

டக்வொர்த் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நான்தான் மத்தியானம் வரேனே. பாத்துடுவோம். க்ரோஸ்டன், நீங்களும் வாங்க. தண்ணின்னா வழக்கை விட்டுடலாம். சூப்புன்னா நிறுத்தம். அடுத்தது யாரு?”

வெளியே படிக்கட்டில் ஏமஸ் நின்றார்.

“நான் பொய் சொல்லல, தம்பி.”

“தெரியும்.”

“நீ சொன்ன.”

“ஆமா.”

“எனக்காகச் சொன்ன.”

“ஆமா.”

“அதுதான் தொண்டையில நிக்குது,” என்றார் ஏமஸ். தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

*

வில்ஃப்ரெட் நீலப் பாத்திரத்தைத் தூக்கித் தச்சு அறையில், பழைய திரைச்சீலைகளுக்கு அடியில் வைத்தான். சூடு போகாமல் இருக்க நாலு மடிப்பு போட்டு மூடினான். வேறொரு பெரிய பாத்திரத்தில் சர்க்கரையைக் கருக்கினான். அலமாரியிலிருந்து அட்டை ரொட்டிகளைத் தூசி தட்டி எடுத்தான். பிறகு ஆறு பேரையும் கூப்பிட்டுச் சொன்னான்.

“இன்னைக்குத் தண்ணிதான்.”

எனாக் ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். டொக்கென்றது. “என் பொண்டாட்டி சுட்டதைவிடப் பரவால்ல,” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் வைத்துவிட்டான். “ஏமஸுக்காகன்னா சரி. ஆனா ஒரு நாளைக்கு ஒரு வேளைன்னு வயிறு பழகிடுச்சு பாருங்க. அதுக்கு யாரு போய்ச் சொல்றது?”

“காட்சி முடிஞ்சதும் தச்சு அறைக்கு வாங்க. முன்பக்கமா வராதீங்க,” என்றான் வில்ஃப்ரெட்.

மத்தியானம் இரண்டரைக்குத் திரை தூக்கினான். கூட்டம் நிரம்பியிருந்தது. வலப்பக்கத்து மாடத்தில் டக்வொர்த் குடும்பம். பின்னால் சுவரோரமாக க்ரோஸ்டன், கோட்டைக் கழற்றாமல். முதல் மூன்று அங்கங்களும் வழக்கம்போலப் போயின.

கடைசிக் காட்சியில் ஆறு பேரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். சீமாட்டி வேஷம் போட்ட மிஸ் தோர்ன் கரண்டியால் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஆறு பேருக்கும் குடிக்க அவசரமில்லை. அதனால் நடிக்க நேரம் கிடைத்தது.

எனாக் ஸ்பூனைத் தூக்கினான். நிறுத்தினான். ஆவியைப் பார்த்தான். கண்ணை மூடினான். பக்கத்திலிருந்தவனும் அப்படியே செய்தான். ஆறு முகமும் விளக்கை நோக்கி நிமிர்ந்திருந்தன. கன்னத்தின் பள்ளம், தாடை எலும்பு, கண்ணடிக் கறுப்பு எல்லாம் கடைசி வரிசைவரை தெரிந்தது. வில்ஃப்ரெட் பக்கத் திரை ஓரத்தில் கையில் வசனப் புத்தகத்தோடு நின்றான். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர்.

ஏமஸ் தலையைத் தூக்கினார். வாயில் எதுவும் இல்லை.

“இந்தச் சூப்பு யாரு காசும்மா?”

மணி அடித்ததுபோல் கேட்டது. மாடத்தில் டக்வொர்த் கைக்குட்டையை எடுத்தார். ஏமஸ் குனிந்து தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினார். வில்ஃப்ரெட் திரையை இறக்கினான்.

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பெல்லமி பக்கத் திரைக்குள் ஓடிவந்து வில்ஃப்ரெட்டின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தியா, கண்ணு! கடைசில கத்துக்கிட்டானுங்க பாத்தியா! இதைத்தானே நான் செவ்வாக்கிழமையிலிருந்து கத்திட்டிருக்கேன்! ராத்திரிக்கும் இப்படியே இருக்கணும், ஒரு முடிகூட மாறக்கூடாது!”

தருமக் காட்சியில் தலைவர் மேடைக்கு வந்து பேசுவது வழக்கம். திரை மறுபடி ஏறியது. பெஞ்சும் பாத்திரமும் ஆறு பேரும் அப்படியே இருந்தார்கள். டக்வொர்த்தின் கண் சிவந்திருந்தது. பூட்ஸ் நிதி பற்றி நாலு வார்த்தை பேசினார். தன் சொந்தப் பொறுப்பில் இன்னும் ஐம்பது ஜோடி தருவதாகச் சொன்னார். கைத்தட்டினார்கள்.

பிறகு அவர் சூப்புப் பாத்திரத்தை நோக்கி நடந்தார். கரண்டியை எடுத்தார். ஊதினார். குடித்தார். முகம் கோணியது.

“வெறும் சர்க்கரைத் தண்ணி!” என்று அரங்கத்தைப் பார்த்துக் கத்தினார். “இதுக்கா நான் அழுதேன்!”

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அழுதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். டக்வொர்த்தும் சிரித்தார். ஏமஸின் தோளில் தட்டினார்.

“நல்லா ஏமாத்தினய்யா, பில்லிங். மில்லுல இருந்தப்போ இந்தத் திறமை எனக்குத் தெரியாமப் போச்சே.”

“எனக்கும் தெரியாதுங்க,” என்றார் ஏமஸ்.

பின்னால் சுவரோரத்தில் க்ரோஸ்டன் குறிப்பேட்டில் ஏதோ அடித்துவிட்டு வெளியே போனான்.

*

தச்சு அறையில் ஐந்து பேர் நின்றுகொண்டே குடித்தார்கள். இங்கே பெஞ்ச் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முன்போலவே, சத்தமில்லாமல். ரொட்டியை எனாக் ஆறாகப் பிட்டான். குடித்துவிட்டு ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக நழுவினார்கள். ராத்திரிக் காட்சிக்கு ஏழு மணிக்கு வருவார்கள்.

ஏமஸ் மட்டும் வாசலிலேயே நின்றார். அவருடைய கிண்ணத்தை வில்ஃப்ரெட் ஊற்றி வைத்திருந்தான்.

“ஆறிடும், மிஸ்டர் பில்லிங்.”

“எனக்கு வேணாம், தம்பி.”

“யாரும் பாக்கல. க்ரோஸ்டன் போயாச்சு.”

“அவன் போயிட்டான்.” ஏமஸ் கிண்ணத்தைப் பார்த்தார். பார்வையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நீ சர்க்கரைத் தண்ணின்னு சொன்ன. நான் பேசாம நின்னுட்டேன். அதனால என் உதவிப்பணம் தப்பிச்சுடுச்சு. இனிமேயாவது அது சர்க்கரைத் தண்ணியாவே இருக்கட்டுமே. எனக்கு மட்டும். அவனுங்களுக்கு நீ ஊத்து.”

வற்புறுத்த வேண்டும் என்று வில்ஃப்ரெட்டுக்குத் தோன்றியது. அதற்கு வேண்டிய சொற்கள் எங்கேயோ தூரத்தில் இருந்தன.

“உங்களுக்குப் பசிக்கும்.”

“பசிக்கத்தான் பசிக்கும்.” ஏமஸ் தொண்டையைச் செருமினார். “வேற ஒண்ணு கேக்கணும். அந்தச் சீட்டு. க்ரோஸ்டன் அதைக் கோப்புல குத்தி வெச்சுட்டான். ஹன்னா ராத்திரியெல்லாம் அழுதா. அவளாலதான் எல்லாம்னு. இன்னொண்ணு கிடைக்குமா?”

வில்ஃப்ரெட் சாமான் அறைக்குப் போய்த் தேடினான். அடித்ததெல்லாம் தீர்ந்திருந்தது. தன் புத்தகத்தில் வைத்திருந்த ஒன்று இருந்தது. தியேட்டரின் பதிவுக்காக வைப்பது. எடுத்துவந்து கொடுத்தான்.

“கடிகாரத்துப் பக்கத்துல வெக்காதீங்க.”

“இல்லல்ல. பைபிளுக்குள்ள வெச்சுடுவேன். அதை மட்டும் அவன் திறந்து பாக்கறதில்ல.”

ஏமஸ் சீட்டை உள்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார். மரச் செருப்பின் சத்தம் சந்தில் வெகுதூரம் கேட்டது.

வில்ஃப்ரெட் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று நினைவு வந்தது. நேற்று சாப்பிட்டானா என்று யோசித்தான். ஏமஸின் கிண்ணம் எதிரே இருந்தது. மேலே மெல்லிய ஆடை படியத் தொடங்கியிருந்தது. கொட்டுவதற்கு மனமில்லாமல் எடுத்து ஒரு வாய் குடித்தான்.

அப்படியே வைத்திருந்தான். மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

உப்பு இல்லை.

சுத்தமாக இல்லை. திங்கட்கிழமையிலிருந்து நினைத்துப் பார்த்தான். எலும்பு வாங்கியது நினைவிருந்தது. பார்லி, டர்னிப், பட்டாணி. உப்பு வாங்கவே இல்லை. ஒரு நாளும் ருசி பார்க்கவும் இல்லை. ருசி பார்ப்பது எடித்தின் வேலை. கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிவிட்டு, “ஒரு சிட்டிகை,” என்பாள். அவன் எடுத்துக்கொடுப்பான்.

ஐந்து ராத்திரி. ஆறு பேர். ஒருவரும் சொல்லவில்லை. எனாக் கூடச் சொல்லவில்லை. ருசி ஒன்றும் தெரியவில்லை என்று காலையில் குழுவின் முன்னால் ஏமஸ் சொன்னபோது அவர் உள்ளதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

வில்ஃப்ரெட் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். கிண்ணத்தில் இருந்ததைக் கடைசிவரை குடித்தான். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் உப்பு வாங்கிவந்து சாமான் அறை அலமாரியில், அட்டை ரொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மணி ஆறு ஆகியிருந்தது. ராத்திரிக் காட்சிக்குச் சர்க்கரையைக் கருக்க வேண்டும்.